கொட்டிலிற் கிடந்த இயந்திரம்

சென்ற கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரையோடு ஒருமுறை முற்றப் படித்துவிடுவது என்னும் உறுதியோடு இரண்டு கனத்த நூல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்றேன். அவ்விரண்டும் பெட்டியை விட்டு வெளிவரவேயில்லை. அதற்குக் காரணமாயிருந்தது எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டிலிற் சாக்குப் போர்த்துக் கிடந்த ஒரு படகு இயந்திரம்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக் கடற்கரையை அடுத்துள்ளது. பாட்டனார் சங்கு குளித்தவர். 1961ஆம் ஆண்டு எங்கள் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பத்து வயதுச் சிறுவனாகத் தம் தந்தையாரின் கையைப் பிடித்து நின்று பார்த்தவர். அதன் பின்னர்ப் பார்களில் முத்துக்குளிப்பு நடவாமையால், அவர் தலைமுறைக்கு எஞ்சியது சங்கு ஒன்றே. அவர் எடுத்த சங்குகள் வங்காளத்துப் பெண்டிரின் கைகளில் வளையல்களாயின. என் தந்தையார் கடலுக்குச் செல்லவில்லை, துறைமுகத்தில் கணக்கெழுதுகிறார். யானோ கடலினின்று இன்னும் ஓரடி விலகி, கடலைப் பற்றிய செய்யுட்களை மனப்பாடம் செய்கிறேன். கொற்கை முத்தின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் மேடையிற் பேச வல்லேன்; ஆனால் வீட்டுக் கொட்டிலிற் கிடந்த இயந்திரத்தின் ஓர் உறுப்புக்கேனும் பெயர் அறியேன்.

வீட்டைப் பழுது பார்ப்பதற்காகக் கொட்டிலை ஒழித்தல் வேண்டும் என்று தந்தையார் கூறினார். பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, இயந்திரத்தைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்து, எடைக்கு விலை கூறினார். அந்தக் காலால் தள்ளியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஓடவைத்து விற்றால் பத்து மடங்கு கிடைக்குமே, நானே ஓட வைக்கிறேன்" என்று வாய் தவறிக் கூறிவிட்டேன். "தமிழ் படிக்கிறவனுக்கு எஞ்சினில் என்ன வேலை?" என்று தங்கை சிரித்தாள். சிரிப்புக்கு அஞ்சிக் காரியத்தில் இறங்குவோர் பலர். அவருள் யானும் ஒருவன்.

பாட்டனார் அப்பொழுது ஒன்றுங் கூறவில்லை. அவருக்குக் காது கேளாது. இளமை தொட்டு ஆழத்தில் மூழ்கி மூழ்கிச் செவிப்பறை கெட்டவர் அவர். நாங்கள் பேசியது அவர்க்கு எட்டவில்லை என்றே நினைத்தேன். மறுநாட் காலை கொட்டிலுக்குச் சென்றபோது, அவர் எனக்கு முன்னரே அங்கு ஒரு மணையை இட்டு அமர்ந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அது ஜப்பான் தேசத்தில் செய்யப்பட்ட எட்டுக் குதிரைத்திறன் இயந்திரம். வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டித் தொங்கவிடுவது. மேலே இரண்டு சிலிண்டர்கள். நடுவே நீண்ட தண்டு. அடியில் நீரைத் தள்ளும் விசிறி. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்னர் ஒரு சிறு கைப்பிடியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் விலை குறைவு. ஆனால் குளிர்ந்த இயந்திரம் அதிற் கிளம்பாது. ஆதலால் கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி, உள்ளிருக்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட்டே நிறுத்துதல் வேண்டும். கரை சேர்ந்த பின் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுதலும் வேண்டும். இவ்விரண்டையும் பாட்டனார் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த செய்தி.

படகின் பின்னே மாட்டும் இவ்வகை இயந்திரத்தை 1909ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்து பரப்பியவர் ஓலி எவின்ரூடு என்பவர். கனடாவில் வாழும் எங்கள் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் என் வேலையைக் கூறியபோது அவர் நகைத்தார். அங்கே பனியின் மீது ஓடும் சிறு வண்டிகள் உண்டாம். பழைய வண்டிகளிற் பலவற்றில் இதே போன்ற இரட்டைவீச்சு இயந்திரந்தான் உண்டாம். கொட்டிலிற் பல்லாண்டு கிடந்த வண்டியை எழுப்புதல் அங்குள்ளோர்க்கு ஒரு பொழுதுபோக்காம். "பிளக்கைக் கழற்று, கார்புரேட்டரைக் கழுவு, அவசரப்படாதே" என்று மூன்று மந்திரங்களை உபதேசித்தார். பனிவண்டியின் வரலாற்றையும் அவர் கூறக் கேட்டு, பின்னர் நானும் படித்தறிந்தேன். கியூபெக் மாகாணத்து வால்கூர் என்னும் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவர் பனியில் ஓடும் வண்டி செய்ய முயன்றுகொண்டிருந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். பாதையெங்கும் பனி மூடிக் கிடந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமற் குழந்தை இறந்தது. அதன் பின்னரே அவர் முயற்சி முற்றுப்பெற்று, பனியில் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியாயிற்று. இன்று பலரும் அறிந்த சிறிய பனிவண்டி 1959இல் அவரிடமிருந்து வந்ததாகும்.

பனி என்பதைக் கண்ணாற் காணாத ஊர் எங்களுடையது. ஆயினும் எங்கள் மாதாவின் பெயர் பனிமய மாதா. அவர் தங்கத்தேர் 1806ஆம் ஆண்டு முதன்முதல் ஓடியது, ஆண்டுதோறும் ஓடுவதன்று. 2013இல் ஓடிய பின் பத்தாண்டு நின்றிருந்து 2023 ஆகஸ்டு 5ஆம் நாள் மீண்டும் ஓடியபோது யானும் வடம் பிடித்தேன். நெடுநாள் நின்ற தேர் முதலில் அசையும் அந்த ஒரு கணத்தில் கூட்டம் முழுவதும் மூச்சை அடக்கியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கொட்டிலில் அமர்ந்து, இறுகிப்போன இயந்திரத்தின் சக்கரத்தைக் கையாற் பற்றியபோதும் எனக்கு அந்த நினைவே வந்தது.

சக்கரம் அசையவில்லை. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். யான் ஒரு சுத்தியலைத் தேடி எடுத்து வந்தேன். பாட்டனார் அதை வாங்கித் தம் மணையின் அடியில் வைத்துக்கொண்டார். "அது தூங்குது மக்கா. எழுப்பணும். அடிக்கக் கூடாது" என்றார். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சக்கரத்தைப் பற்றி, தள்ளாமலும் இழுக்காமலும், வெறுமனே பாரங்கொடுத்துப் பார்ப்பார். ஆறாம் நாள் மாலை அது ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுநாள் அரைச் சுற்று. அதன் மறுநாள் முழுச் சுற்று வந்து, துளைகளின் வழியே கறுத்த எண்ணெய் என் சட்டையில் தெறித்தது. அச்சட்டையை இன்றும் விடுதியில் அணிகிறேன், கறை போகவில்லை.

அடிப்பாகத்தைக் கழற்றும் வேலையில்தான் யான் தவறிழைத்தேன். அலுமினிய உடலில் இரும்பு மறையாணி, இடையிலே உப்பு. இவ்வாறு இரு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பின் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி ஆணியைக் கவ்விக்கொள்ளும். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புதல் வேண்டும் என்று பாட்டனார் காட்டித் தந்திருந்தார். அவர் மதியம் உறங்கச் சென்ற வேளையில், நான்கு ஆணிகளையும் கழற்றிவிட்டு அவரை வியக்கச் செய்யலாம் என்று கருதி, திருகியின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி முழு வலியோடும் திருப்பினேன். மூன்றாம் ஆணி வெண்ணெய்போல் எளிதாகச் சுழன்றது. தலை மட்டும் என் கையில் வந்தது. உடல் உள்ளே நின்றுவிட்டது.

செய்வதறியாது, தலையை அதன் இடத்தில் வைத்து மேலே கிரீஸைப் பூசி மூடினேன். தேர்வில் விடை தெரியாத வினாவுக்கு அழகிய கையெழுத்தில் எழுதி வைப்பது போன்றது அது. மாலையிற் பாட்டனார் வந்து அமர்ந்து, வழக்கம்போல் விரல்களால் இயந்திரத்தைத் தடவினார். காது கேளாதவர்க்கு விரல்களே காது. மூன்றாம் ஆணியின் மேல் விரல் நின்றது. கிரீஸை வழித்தார். தலை உருண்டு மணலில் விழுந்தது.

"ஒடைஞ்சா ஒடைஞ்சுதுன்னு சொல்லிரணும் மக்கா. மூடி வச்சா உள்ள உப்பேறிரும்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. எனக்கு இரவு உணவு இறங்கவில்லை.

மறுநாள் அப்பகுதியை லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். உடைந்து நின்ற ஆணியின் நுனியில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு மெல்லத் திருப்பினார் பட்டறைக்காரர். ஆணி ஏதும் நடவாததுபோல் வெளியே வந்தது. இருபது நிமிட வேலை. எனக்கு ஓரிரவின் உறக்கம் கெட்டதே மிச்சம்.

அடிப்பாகம் திறந்தபின் யான் கண்டவற்றை ஒழுங்காகக் கூறுதல் வேண்டும். கடல்நீரை மேலே ஏற்றி இயந்திரத்தைக் குளிர்விப்பதற்கு ரப்பர் இறக்கைகளையுடைய ஒரு சிறு உருளை உள்ளே உண்டு. அதன் இறக்கைகளில் மூன்று கிழிந்திருந்தன. அதைச் சுற்றி மணல். கடலிற் கலங்கி வந்த சேறன்று, கரையின் பருமணல். நீர் செல்லும் வழிகளிலெல்லாம் உப்புப் படிந்து அடைத்திருந்தது. விசிறியை அதன் தண்டோடு பிணைக்கும் சிறு ஊசி இரண்டாக முறிந்திருந்தது. விசிறி கல்லிலோ தரையிலோ மோதினால், பெரும்பகுதிக்குச் சேதம் வாராமல் தான் முறிவதற்கென்றே வைக்கப்பட்ட ஊசி அது. கடைசியாகக் கார்புரேட்டரைக் கழற்றினோம். உள்ளே பிசின்போல் உறைந்த மண்ணெண்ணெய்க் கசடு. எரிபொருட் கைப்பிடியைப் பார்த்தேன். அது மண்ணெண்ணெய்ப் பக்கமாகவே திரும்பியிருந்தது.

ஏடு படித்துப் பாடபேதம் நோக்குதல் எங்கள் வகுப்பில் நாள்தோறும் நடப்பது. ஓரிடத்தில் ஒரு பிழை இருப்பின் அது எழுதியவன் கைத்தவறு; நான்கிடத்திலும் ஒரே வகைப் பிழை இருப்பின், எழுதியவன் அன்று வேறு நிலையில் இருந்தான் என்று ஆசிரியர் கூறுவார். பெட்ரோலுக்கு மாற்றாமல், உப்பைக் கழுவாமல், இயந்திரத்தைத் தூக்காமல், விசிறி மணலில் மோதும்வரை முழு வேகத்தில் ஓட்டிக் கரையேற்றியவர் யார்? இவற்றுள் ஒன்றையேனும் தம் வாழ்நாளிற் செய்யாதவர் பாட்டனார். முழங்கால் வலியால் கடலை விட்டதாகவே அவர் எங்களிடம் கூறியிருந்தார்.

கைப்பிடியைச் சுட்டிக்காட்டி, "தாத்தா, இது ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது?" என்று அவர் காதருகே உரக்கக் கேட்டேன்.

அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்க் கூறினார். பாட்டியின் தம்பி ஒருவர், பாட்டனாரோடு சங்கு குளித்தவர், கடலில் இறந்துபோனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது 2011ஆம் ஆண்டு. எனக்கு ஐந்து வயது. மூச்சை அடக்கி மூழ்கும் பழைய முறை போய், படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு அடியில் மணிக்கணக்காக நடந்து சங்கு பொறுக்கும் முறை அப்பொழுது வந்துவிட்டது. எட்டுப் பாகம் ஆழம், அஃதாவது ஏறத்தாழ 15 மீட்டர். மூச்சடக்கி மூழ்குபவன் ஒரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். கடலே அவனுக்கு எல்லை வகுக்கிறது. குழாய்க் காற்றுக்கு அவ்வெல்லை இல்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுதலாதலால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளிலும் முதுகுத் தண்டிலும் நுரையீரலிலும் அடைக்கும். தோளிலும் மூட்டிலும் வலி எடுத்தல் அதன் முதல் அடையாளம்.

பழைய நாளில் குளிப்பவனின் கயிற்றை அவன் மைத்துனன் பிடித்தல் கடற்கரை வழக்கம். அன்று குழாயைப் பிடித்திருந்தவர் பாட்டனார். மைத்துனர் ஒருமுறை மேலே வந்து, தோள் வலிக்கிறது என்றார். அடியிற் சங்கு நிறையக் கிடந்த நாள். "இன்னும் ஒரு தடவை போயிட்டு வா, அதோட கரைக்குப் போயிருவோம்னு நாந்தான் சொன்னேன்" என்றார் பாட்டனார். இரண்டாம் முறை மேலே வந்தவர் படகிற் சாய்ந்தார்; கால்கள் அசையவில்லை; மூச்சு இழுத்தது. அதன் பின் கரைவரையில் அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதை அதன் உறுப்புக்களிலேயே கண்டேன். கரையில் விசிறி மணலில் மோதி நின்றபோது அவர் உயிர் இல்லை.

காது கேளாதவர்க்கு மெல்லப் பேசவும் வாராது. இவ்வளவையும் பாட்டனார் தம் வழக்கமான உரத்த குரலிலேயே கூறினார். வாசற்படியில் சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த பாட்டியை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். யான் திரும்பிப் பார்த்தபோது அவள் கை நின்றிருந்தது. பதினான்கு ஆண்டுகளாக அவளிடம் கூறாத ஒன்றை அவர் முற்றமெங்கும் கேட்கக் கூறிவிட்டார் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

பாட்டி மீன் சட்டியை நோக்கியபடியே, "அவன் என்னைக்கு ஒங்க பேச்சக் கேட்டான்?" என்றாள்.

அது அவர் காதில் விழவில்லை. என்ன கூறினாள் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொற்களை அவர் காதருகே உரக்கத் திருப்பிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒருமுறை சொன்னேன், விளங்கவில்லை. மறுமுறை, "அவர் என்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்டார் என்று பாட்டி கேட்கிறாள்" என்று கத்தினேன். அடுத்த வீட்டிலும் கேட்டிருக்கும். பாட்டனார் தலையை ஆட்டினார். பின்னர்க் கார்புரேட்டரை எடுத்துப் பெட்ரோற் கிண்ணத்தில் இட்டு, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் அதன் நுண்துளையைக் குத்தத் தொடங்கினார். பாட்டி மீனைக் கழுவ எழுந்து சென்றாள்.

இதனைப் பத்திரிகையில் எழுதலாமா என்று பின்னொரு நாள் பாட்டியிடமே கேட்டேன். "எழுது. பேரை மட்டும் போடாதே" என்றாள். அவ்வாறே செய்துள்ளேன்.

எஞ்சிய வேலைகளை விரித்துரைப்பின் வாசகர் சலிப்படைவர். ரப்பர் உருளையும் எரிபொருட் குழாயும் புதிதாக வாங்கினோம். முறிந்த ஊசிக்கு மாற்று ஊசி பாட்டனாரின் தகர டப்பியிலேயே கிடந்தது. அதில் ஒன்பது ஊசிகள் எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பத்திரமாக இருந்தன. கடலுக்கே போகாதவர் அவற்றை ஏன் வைத்திருந்தார் என்று யான் கேட்கவில்லை. தீப்பொறி எழுப்பும் பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன. உப்புத்தாளால் அவற்றைத் தேய்ப்பதில் ஒரு மாலை சென்றது. தேய்த்தபின் பிளக்கில் சிறு நீலப்பொறி தோன்றியபோது, தங்கை முதன்முறையாகச் சிரியாமல் நின்றாள்.

இயந்திரத்தை நீரின்றி ஓட்டலாகாது. ஓட்டினால் புதிய ரப்பர் சில நொடிகளிற் கருகும். அடிப்பாகம் மூழ்கும்படி ஒரு பெரிய பீப்பாய் நிறைய நீர் வேண்டும். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. "குடிக்கிற தண்ணியை எஞ்சினுக்கா?" என்று பாட்டி முதல் வாரத்திலேயே மறுத்திருந்தாள். ஆதலாற் கடல்நீர் சுமந்து வருவதாக யானும் தங்கையும் முடிவு செய்திருந்தோம். குறித்த நாள் காலையில் எழுந்து வந்தபோது நீலப் பீப்பாய் கொட்டிலின் வாயிலில் நின்றது. கழுத்துவரை நல்ல தண்ணீர். பாட்டி அடுக்களையில் இருந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

பத்துமுறை கயிறிழுத்தேன்; ஒன்றுமில்லை. இருபதாம் முறையில் தோள் வலித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்பொழுது தந்தையார் அலுவலுக்குப் புறப்படும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். இயந்திரத்தைப் பற்றி ஒன்றுமே அறியாதவர் என்று யான் எண்ணியிருந்தவர், "சோக்கை உள்ளே தள்ளு, பிளக்கைத் துடைத்து மாட்டு, கைப்பிடியைப் பாதிக்கு வைத்து இழு" என்றார். சிறுவயதில் எத்தனை விடியற்காலங்களில் அவர் இக்கயிற்றை இழுத்தாரோ! அவர் கூறியவாறே செய்தேன். மூன்றாம் இழுப்பில் இருமுறை இருமியது. நான்காம் இழுப்பில் கொட்டில் முழுவதும் வெண்புகை. பீப்பாயின் நீர் பொங்கித் தந்தையாரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. பின்னே சிறு துளை வழியாக நீர் நூலிழைபோற் பீறிட்டது. அந்த இழையைக் கண்டால் உள்ளே நீர் ஏறுகிறது என்று பொருள்.

பாட்டனார்க்கு அந்த ஓசை கேட்கவில்லை. அவர் தம் உள்ளங்கையை இயந்திரத்தின் மூடி மேல் வைத்திருந்தார். சிறிது நேரத்துக்குப் பின் கைப்பிடியை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார். ஓசை தடித்தது. அந்த வாடை முற்றத்திற் பரவியதும் பாட்டி அடுக்களை வாயிலில் வந்து நின்றாள். ஐந்து நிமிடம் போல் அவ்வாறே ஓடியது. யான் நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன். பாட்டனார் என் கையை விலக்கினார். கைப்பிடியைப் பெட்ரோற் பக்கம் திருப்பி, உள்ளே இருந்த மண்ணெண்ணெய் முழுவதும் எரியும்வரை காத்திருந்தார். புகையின் நிறம் மாறிற்று. அதன் பின்னரே, மெல்ல வேகத்தைக் குறைத்து, தம் கையாலேயே நிறுத்தினார்.

விற்பனை இன்னும் நடக்கவில்லை. இருவர் வந்து கேட்டார்கள். பாட்டனார் கூறும் விலை வாரந்தோறும் ஏறிக்கொண்டே போகிறது என்று தங்கை சொல்கிறாள்.